லிஸ்பனும் மன்னாரும்: தனிவழிப் பயணம் பற்றிச் சில எண்ணங்கள்

இம் மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். பழைய மாணவர் எழுதுதற்குரிய பொருள்கள் எவை என்பது எழுதாச் சட்டமாக முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. அதிபர் ஒருவரின் பிரம்பு, விடுதிச்சாலைச் சாம்பார், இறுதி ஓவரிற் கைகூடிய கிரிக்கெட் வெற்றி ஆகிய இவற்றுள் ஒன்றை எழுதினால் எவரும் குறைகூறார். ஆயின், அவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். யாம் வேறொன்று கூற விழைகின்றோம். கையிற் சிறு பணத்தோடு, உடன் ஒருவருமின்றி, ஒரு பழைய நகரை அதனைக் காணும்பொருட்டு மட்டுமே சென்று காண்டல் கல்வியின் ஒரு பகுதியாகும். அக் கல்வியை நம் கல்லூரி எமக்குத் தரவில்லை. இனி வரும் மாணவர்க்கேனும் அது கிடைத்தல் வேண்டும். இதுவே எம் கட்சி.

நானாட்டானிற் பிறந்த எம்மனோர் பயணம் அறியாதவரல்லர். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போனோம். ஆவணித் திருநாளுக்கு அயலவரோடு மடுவுக்குப் போனோம். முருங்கனிற் புகைவண்டி ஏறிக் கொழும்புக்குப் போனோம். கல்விக்காக யாழ்ப்பாணம் வந்து விடுதியிற் கிடந்தோம். இவையனைத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் உடனிருந்தார், அல்லது போய்ச் சேருமிடத்தில் ஒருவர் காத்திருந்தார். பின்னர் வந்த பயணங்களோ நாம் தேர்ந்தவை அல்ல. உடுத்த துணியோடு காடு புகுந்ததும், இரவிற் படகேறி இராமேசுவரம் சேர்ந்து மண்டபம் முகாமில் வரிசையில் நின்றதும் பயணங்களே. 1990 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் வீடுவாசல் விட்டு வெளியேற்றப்பட்டனரே, அதுவும் பயணமே. அக்காலத்தில் தனியே செல்பவன் ஐயத்துக்குரியவன். காவலரணில் இரண்டு கேள்விகள் கேட்பர்: எங்கே போகிறாய்? யாரிடம் போகிறாய்? முதலாவதற்கு விடை கூறிவிடலாம். இரண்டாவதற்கு விடையில்லாதவன் அன்று வீடு திரும்புவது உறுதியில்லை. ஆதலின், ‘யாரிடமும் போகவில்லை, சும்மா பார்க்கப் போகிறேன்’ என்னும் வாக்கியத்தை எம் தலைமுறை சொல்லக் கற்கவே இல்லை.

அவ் வாக்கியத்தை யாம் முதன்முதலிற் கூறியது 2019 ஆம் ஆண்டு மாசி மாதத்தில். உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்று, பாரிசில் வாழும் மகள் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தோம். அங்கே லாச்சப்பல் தெருவில் முருங்கைக்காய் தொடக்கம் கருவாடு ஈறாக எல்லாம் கிடைக்கும். நாட்டைவிட்டு வந்தோம் என்னும் நினைவே எழாது. ஒருநாள், ‘லிஸ்பன் நகரைப் பார்க்கவேண்டும்’ என்றோம். ‘அப்பா, தனியப் போய் என்ன செய்யப்போறியள்? கோடை லீவுக்கு நாங்கள் எல்லாருமாக் கூட்டிக்கொண்டு போறம்’ என்றாள் மகள். மருமகன் ஒன்றும் கூறாது கைத்தொலைபேசியை எடுத்து, அங்கே தமிழர் எவரேனும் உளரா என்று விசாரிக்கத் தொடங்கினார். அவ்விருவரின் அன்பையும் யாம் குறைத்துக் கூறவில்லை. எனினும், அன்று இணங்கியிருந்தால் லிஸ்பனை யாம் கண்டிரோம். பேரப்பிள்ளைகள் பனிப்பாகு உண்டதைக் கண்டிருப்போம்.

சிக்கனமாகச் செல்லுதல் எங்ஙனம் என்று கேட்கும் இளைஞர்க்காகச் சில கூறுவோம். பருவம் தப்பிச் செல்க. மாசியில் அந்நகரில் மழையும் குளிருமுண்டு. அதனாலேயே அறைவாடகை குறைவு. விமானத்தைவிட மலிவென்று பேருந்திற் சென்றோம். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தும் வழி முடியவில்லை. இடுப்பு வலித்தது உண்மை; ஆனால் பிரான்சும் ஸ்பெயினும் யன்னல் வழியே இலவசமாகக் கிடைத்தன. தங்கியது ஆறு கட்டில்கள் இட்ட ஓர் அறை. விடுதிச்சாலையில் நாற்பது பேரோடு உறங்கிய எமக்கு அது சிரமமாகத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்கில் யாம் சபித்த அவ் விடுதி வாழ்க்கை அறுபது வயதிற் பயன்பட்டது. தங்கிய இடத்தில் ஒரு பொதுச் சமையற்கட்டு இருந்தது. சந்தையில் மத்திமீன் வாங்கிச் சோறு சமைத்தோம். கட்டணம் கேட்கும் இடங்களுள் இரண்டினுள் மட்டும் புகுந்தோம். மற்றெல்லாம் தெருவிலும் குன்றிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்தன.

மொழியறியாத இடத்தில் எப்படிச் சமாளித்தீர் என்பர். காலையில் ஒரு வெதுப்பகத்துட் புகுந்து, விரலாற் காட்டி, தயங்கியவாறே ‘பாண்’ என்றோம். கடைக்காரப் பெண்மணி மறுபேச்சின்றி எடுத்துத் தந்தாள்! மூக்கொலி சிறிது கூடுதல். மற்றும்படி எங்கள் நானாட்டான் வெதுப்பகத்துப் பாணே அது. அன்று முழுவதும் அறையிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். மேசை, கதிரை, யன்னல், அலுமாரி, துவாய், காலிற் கழற்றி வைத்த சப்பாத்து எல்லாம் அவர்கள் சொற்கள். நானூறு ஆண்டுகளாக நாம் அவற்றின்மேல் அமர்ந்தும், அவற்றாற் முகம் துடைத்தும், எங்கிருந்து வந்தன என்று எண்ணாதிருந்தோம். பள்ளியிற் போர்த்துக்கேயர் வருகை என ஒரு பாடம் படித்தோம். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு என மனனஞ் செய்தோம். கதிரையைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

நகரின் அமைப்பைக் கால்களாலேயே அறியலாம். 1755 ஆம் ஆண்டு கார்த்திகை முதலாம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கமும், தொடர்ந்த கடற்கோளும் தீயும் லிஸ்பனின் பெரும்பகுதியை அழித்தன. பொம்பால் என்னும் அமைச்சர் கீழ்நகரை நூல் பிடித்தாற்போல் நேரிய தெருக்களாக மீளக் கட்டுவித்தார். குன்றின் சரிவில் உள்ள அல்பாமாப் பகுதியோ பெரிதும் தப்பிற்று. எனவே கீழே நடப்பவன் பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கின்றான். பத்து நிமிடம் மேலேறினால் அதற்கும் முந்திய முடுக்குகளில் மூச்சிரைக்கின்றான். அம் முடுக்குகளில் நாலு தடவை வழி தவறினோம். கூட்டத்தோடு சென்றவன் வழி தவறினால் மற்றவர் சினப்பர். தனித்துச் செல்பவன் தவறிய வழியையும் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பலாம்.

பெலேம் என்னும் இடம் நகரிலிருந்து மேற்கே, தேஜோ ஆறு கடலை நாடிச் செல்லும் கரையில் உள்ளது. அங்கே ஜெரோனிமோஸ் துறவிமடம் நிற்கின்றது. மனுவேல் மன்னன் காலத்திற் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பத் தொடங்கியது. கல்லிலே கயிறும் கடற்பாசியும் முறுக்கிச் செதுக்கியிருக்கின்றனர். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான் உளது. அக் கட்டடத்துக்கான பொருளிற் பெரும்பங்கு, கீழைத்தேசத்திலிருந்து வந்த மிளகு முதலிய வாசனைச் சரக்குகளின்மேல் விதித்த வரியாற் கிடைத்ததென்பது வரலாறு. வேலைப்பாட்டின் அழகை மறுப்பது அற்பத்தனம், வியந்தே நின்றோம். வியந்து நிற்கையில், இம் மிளகிற் கொஞ்சம் எங்கள் பக்கத்தது என்னும் எண்ணமும் உடன் நின்றது. இரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் தனியே நிற்பவனுக்குத்தான் எளிது. பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டிருப்போம்.

அன்றிரவு நடந்ததே இக்கட்டுரைக்குக் காரணம். எமக்கு மேற்கட்டிலில் பிரேசில் நாட்டு மாணவன் ஒருவன் இருந்தான். எந்நாட்டவர் எனக் கேட்டான். இலங்கையில் மன்னார் என்றோம். 1560 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அங்கும் வந்து கோட்டை கட்டினர் எனப் பெருமை கலந்து கூறினோம். அவன் எழுந்து உட்கார்ந்தான். ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்டான்.

யாம் அறியோம். தாழ்பாலம் கடந்து மன்னார்த் தீவினுட் புகும் ஒவ்வொரு முறையும் அக் கோட்டை எம் கண்முன் நிற்கும். சந்தைக்கும், கச்சேரிக்கும், மருத்துவமனைக்குமாக எத்தனை நூறு தடவை கடந்திருப்போமோ கணக்கில்லை. ஒருதரமேனும் இறங்கியதில்லை. போர்க்காலத்தில் அதை அண்ட முடியாதிருந்தது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். போர் 2009 இல் முடிந்தது. யாம் லிஸ்பனில் இருந்தது 2019 இல். இடைப்பட்ட பத்தாண்டுக்கு என்ன சமாதானம்? கடல் கடந்து வந்து, கட்டணம் செலுத்தி, அவர்களுடைய பெலேம் கோபுரத்தின் படிகளை எண்ணியவர் நாம். எம் வாசலில் அவர்கள் விட்டுச்சென்றதன் வாயிற்கதவு எத்திசை நோக்கியது என்று தெரியாது. அந்த மாணவன் ஒன்றும் ஏளனமாகக் கூறவில்லை. அது இன்னும் மோசமாயிருந்தது.

ஊர் திரும்பிய பங்குனியில், ஒரு காலை, தண்ணீர்ப் போத்தலும் இரண்டு வாழைப்பழமும் ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டு பேருந்திற் புறப்பட்டோம். மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்கள், சுற்றி அகழி, உள்ளே கூரையிழந்த தேவாலயம். 1658 இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றிப் பின்னர் திருத்திக் கட்டினர்; 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மதிலிற் பவளப்பாறைக் கல்லும் சுண்ணமும் தெரிந்தன. கேதீச்சரத்துப் பழங்கோயிலை இடித்த கற்களால் இக்கோட்டை எழுந்தது எனத் தலைமுறை தலைமுறையாக எம்மவர் கூறுவர். அதனால் ஒவ்வொரு கல்லையும் யாம் தடவிப் பார்த்தோம் என்றால் நண்பர்கள் சிரிக்கவேண்டா. இரண்டு மணி நேரம் இருந்தோம். எம்மைத் தவிர அங்கே வந்தவை நான்கு கழுதைகள். மன்னார்க் கழுதைகளைப் பார்க்கவென்றே வெளிநாட்டார் வருகின்றனர். அவற்றுக்கோ கோட்டைதான் பிடித்திருக்கிறது.

அங்கிருந்து பள்ளிமுனைப் பெருக்கமரம் வரை நடந்தோம். சுற்றளவு பத்தொன்பது மீற்றருக்கும் மேல். ஆபிரிக்காவுக்குரிய அம் மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். பின்னர் ஒருநாள் திருக்கேதீச்சரம் போனோம். இம்முறை சுவாமி தரிசனம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல் மாந்தைப் பழந்துறையின் மேட்டைச் சுற்றினோம். குதிரை இலாட வடிவில் இரட்டை அகழி சூழ்ந்த நகர் அது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்வு நடந்தது. போர் அதனை இடையில் நிறுத்திற்று. சீனத்துப் பீங்கானும் அரபு நாட்டு மட்பாண்டமும் கிடைத்தன. மண்ணைச் சலித்தவர்க்குக் கருகிய மிளகும், கடல் கடந்து வந்த ஒரு கராம்பும் அகப்பட்டன. பெலேமில் மிளகுவரி கட்டிய மண்டபத்தைக் கண்டு வந்த எமக்கு, போர்த்துக்கேயர் வருமுன் பல நூற்றாண்டாகவே மிளகு இத்துறையிற் புழங்கியது என்னும் செய்தி, புத்தகத்திற் படித்த செய்தியாக இருக்கவில்லை.

இவ்விடத்தில் எம்மை மறுப்பார் கூற்றையும் கேட்போம். கூடிச் செல்வதே நம் பண்பாடு என்பர். ஒப்புக்கொள்கிறோம். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூடியே செல்க. ஆனால் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வரும் எம் பழைய மாணவ நண்பர்கள் குளிரூட்டிய வானில் இருபது பேராய் ஏறி, ஒரு பகலிற் கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை எல்லாவற்றையும் ‘முடித்து’ வருவதைக் கண்டிருக்கிறோம். பார்த்ததைப் பற்றிக் கேட்டால், எவ்விடத்தில் றால் பொரியல் நன்று என்று கூறுகின்றனர். றால் பொரியல் நன்றே, யாம் மறுக்கவில்லை.

வசதியுள்ளோர்க்கே இது ஏற்கும் என்பாரும் உளர். லிஸ்பனுக்கு அது பொருந்தும். மகளின் உழைப்பும் கடவுச்சீட்டும் இன்றேல் எமக்கும் அது கனவே. நானாட்டானிலிருந்து மன்னாருக்குப் போய்வர யாம் செலவிட்டது ஒருவேளை மீன்கறிக்கு ஆகும் பணத்தினுங் குறைவு. பெண்பிள்ளைகள் தனியே செல்லலாமா என்று கேட்போர்க்கு விடை கூறுதல் கடினம். எமக்குத் திறந்த வழி அவர்களுக்கு அவ்வாறு திறக்கவில்லை. ஆனால் அதற்குத் தடையாய் இருப்பது கோட்டையன்று, கடலன்று. பேருந்தில் அருகிருக்கும் ஆடவரே. திருந்தவேண்டியோரை வீட்டில் வைத்துக்கொண்டு பெண்பிள்ளையை வீட்டில் இருத்துவது நியாயமாகாது.

அச்சமும் முற்றாக நீங்கவில்லை. யாம் கோட்டை கண்ட அடுத்த மாதமே, 2019 சித்திரை 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. தோளிற் பையோடு தனியே நடப்பவன் மீண்டும் ஐயத்துக்குரியவன் ஆனான். பின்னர் நோய்த்தொற்று; பின்னர் 2022 இல் எரிபொருளின்மை. அரிப்புக்குப் போகவேண்டும் என்னும் எண்ணம் நாலாண்டு தள்ளிப்போயிற்று.

இனி யாம் வேண்டுவது யாதெனிற் கூறுவோம். ஆண்டுதோறும் நம் கல்லூரியிற் கல்விச் சுற்றுலா நடைபெறுகின்றது. அறுபது பிள்ளைகள் ஒரு பேருந்தில் ஏறி, பாட்டும் கைதட்டுமாக இரண்டு நாளில் ஒன்பது இடங்களைப் பார்த்து, தூக்கக் கலக்கத்தோடு திரும்புகின்றனர். அதனை நிறுத்துக என்று கூறும் துணிவு எமக்கில்லை. நாமும் அப்படிப் பாடியவரே. ஆயின், யூபிலி நிதியில் ஒரு சிறுபகுதியை வேறாக எடுத்து வைக்கலாம். உயர்தர வகுப்பு மாணவர் விரும்பினால், ஒருநாளைப் பேருந்துக் கட்டணமும் ஒரு கொப்பியும் கொடுத்து, தாமே தேர்ந்த ஓரிடத்துக்குத் தனியே அனுப்புக. யாழ்ப்பாணக் கோட்டையோ, நெடுந்தீவோ, மன்னாரோ, அவர் விருப்பம். பெற்றோரின் ஒப்பம் பெறுக; மாலைக்குள் திரும்புக. மறுவாரம் காலைக்கூட்டத்தில் பத்து நிமிடம், கண்டதைச் சொல்லட்டும். படித்ததைச் சொன்னால் மணியடித்து இருத்துக! பொறுப்பை யார் ஏற்பது என ஆசிரியர் கேட்பர். அக் கேள்வி நியாயமானது. பழைய மாணவர் நாம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றோமே. ஒரு தொலைபேசி எண்ணை அப்பிள்ளையின் சட்டைப்பையில் வைத்தால் ஆயிற்று. அப்பிள்ளை எம்மை அழைக்காமலே திரும்புமாயின் எமக்கு மகிழ்ச்சி.

இதை இவ்வளவு அவசரமாகக் கூறுவதற்கும் காரணமுண்டு. 2023 இல் ஒருநாள் சிலாவத்துறைப் பேருந்தில் ஏறி அருவியாற்றைக் கடந்து, அரிப்புச் சந்தியில் இறங்கி நடந்தோம். அங்கே முத்துக்குளிப்புக் காலங்களில் தங்குதற்கென, இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையில் எழுப்பிய மாளிகை உளது. டோரிக் என்பர். செங்கல்லும், முத்துச்சிப்பி சுட்ட சுண்ணமும் கொண்டு கட்டியது. அதற்கு அண்மையிலே போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் ஆண்ட சிறு கோட்டை. கண்டி அரசனிடம் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679 இல், ஒரு தோழனோடு, சில்லறைச் சரக்கு விற்பார்போல் நடித்துத் தப்பி, அருவியாற்றின் வழியே காட்டினூடாக நடந்து வெளிப்பட்டது இக்கோட்டைக்குத்தான். சிக்கனப் பயணிகளுள் அவரை யாரும் விஞ்சமுடியாது. ஈராண்டின்பின், 1681 இல், அவர் நூல் இலண்டனில் அச்சாயிற்று.

பெயருக்கேற்பவே கடல் அவ்விடத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. மாளிகையின் கடற்பக்கம் மண்மேட்டின் விளிம்புவரை வந்துவிட்டது. சில பகுதிகள் முன்னரே சரிந்து கரையிற் கிடக்கின்றன. காலி கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உளது. அதைக் காண ஆயிரமாயிரம் பேர் செல்வர். அங்கே ஒரு கல் பெயர்ந்தாற் கேட்பதற்கு ஆளுண்டு. அரிப்பில் அன்று பகல் முழுவதும் யாம் ஒருவரே.

கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தோம். வலையைத் தோளிற் போட்டுக்கொண்டு வந்த ஓர் இளைஞர் நின்று பார்த்தார்.

‘ஐயா, ஆரிட்ட வந்தனீங்கள்?’

‘ஒருத்தரிட்டயும் இல்லைத் தம்பி. சும்மா இதைப் பார்க்க வந்தனான்.’

அவர் எம்மையும் மாளிகையையும் மாறிமாறிப் பார்த்தார். பின், ‘அப்பிடியெண்டால் இஞ்சால வாங்கோ, போன மழைக்கு விழுந்தது இந்தப் பக்கம்’ என்று மேட்டிலிருந்து இறங்கி முன்னே நடந்தார். கரையில் ஒன்றோடொன்று சுண்ணத்தாற் பிணைந்தபடியே ஒரு சுவர்த்துண்டு கிடந்தது. அதிற் பாதியை அலை நனைத்துக்கொண்டிருந்தது.